யோக்க இழுத்தா பிளேன் மேல ஏறாதுங்க: புதுசா பறக்கப் பழகறவங்களுக்கு

எங்கூரு பல்லடம் பக்கம். லீவுல ஊட்டுக்கு வந்தேன்னு தெரிஞ்சா போதும், யாராவது ஒரு பையனையோ புள்ளையையோ கூட்டிட்டு வந்து திண்ணையில உக்கார வெச்சுட்டு "இவன் பைலட்டுக்குப் படிக்கப் போறானுங்க, சித்தெ சொல்லிக் குடுங்க"ன்னு சொல்லிட்டு காபி குடிக்க உள்ள போயிருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரே கதைய சொல்லி வாயி வலிக்குது, அதான் எழுதியே வெச்சிடலாம்னு. லைசென்ஸ், மெடிக்கல், 200 மணி நேரம், பீஸ் எவ்வளவு இதெல்லாம் இங்க இல்லீங்க. மொத பத்து மணி நேரம் பறக்கறப்ப கையும் காலும் என்ன பண்ணோணும், ஏன் பண்ணோணும், அது மட்டுந்தான். நான் சொல்ற நம்பரெல்லாம் செஸ்னா 172 எஸ்ங்கற சின்ன பயிற்சி பிளேன் மாடலுக்கு, உங்க பிளேன் வேறன்னா அதோட கைப்புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான் சட்டம், உங்க இன்ஸ்ட்ரக்டர் வேற மாதிரி சொன்னா அவர் சொல்றதக் கேளுங்க.

வர்ற பசங்ககிட்ட நான் மொத மொத கேக்கறது ஒரே கேள்விதான். யோக்க, அதான் பைலட்டு முன்னால ஸ்டியரிங் மாதிரி இருக்கற கைப்பிடிய, பின்னால இழுத்தா என்ன ஆகும்? எல்லாரும் "மேல போகும்"ம்பாங்க. சரி, இன்னும் இழுத்தா? "இன்னும் மேல போகும்". அங்கதாங்க தப்பு. இன்னும் இழுத்தா ஒரு கட்டத்துல கீழ விழும். யோக் உயரத்துக்கான கைப்பிடியே கெடையாது, ரெக்கை காத்த எந்தக் கோணத்துல வாங்குதுங்கறத மாத்தற கைப்பிடி அது. இத ஒன்ன மனசுல ஏத்திக்கிட்டா மீதி பாதி பாடம் தானா புரியும்.

ரெக்கையப் பாக்க ஏர்போர்ட்டுக்கு எல்லாம் போக வேண்டாம், நம்மூர்லயே இருக்கு. பல்லடத்துல இருந்து கேத்தனூர், உடுமலைன்னு போனா ரெண்டு பக்கமும் காத்தாலைதான். ஒரு தடவ காத்தாலை ரெக்கைய ஏத்திட்டுப் போன நீள லாரி டீக்கடை ஓரமா நின்னுட்டு இருந்துச்சு, கிட்டப் போயி தடவிப் பாத்தேன். ஒரு ஓரம் மொந்தையா உருண்டையா இருக்கு, மறு ஓரம் வாழைமட்டை நுனி மாதிரி மெல்லிசா போயி முடியுது, அடியில இருந்து நுனி வரைக்கும் துணி பிழிஞ்சாப்புல ஒரு முறுக்கு. பிளேன் ரெக்கையும் அதே சாதிதான். செஸ்னா ரெக்கையிலயும் லேசா அந்த முறுக்கு உண்டு, நுனிப்பக்கம் கோணம் கொஞ்சம் கம்மியா வெச்சிருப்பாங்க, எதுக்குன்னு பின்னால ஸ்டால் பத்தி பேசறப்ப சொல்றேன்.

லிஃப்ட், அதாவது பிளேனத் தூக்கற விசை, எப்படி வருதுங்கறதுக்கு பள்ளிக்கூடத்துல ஒரு கதை சொல்லியிருப்பாங்க, ரெக்கைக்கு மேல போற காத்தும் கீழ போற காத்தும் பின்னாடி ஒரே நேரத்துல சேந்துக்கோணும், மேல தூரம் ஜாஸ்தி அதனால வேகமா ஓடுதுன்னு. அது தப்புங்க. மேல போற காத்து கீழ போறத விட முன்னாடியே போயி சேந்துரும், ரெண்டும் சேந்துக்கோணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. நெசமா நடக்கறது என்னன்னா ரெக்கை காத்தக் கீழ பாத்து வளைச்சு விடுது, அதுக்கு எதிர்வெசையா ரெக்கை மேல தள்ளப்படுது, அதே நேரத்துல ரெக்கை மேல அழுத்தம் கொறஞ்சும் கீழ கொஞ்சம் கூடியும் இருக்கு. ரெண்டும் வேற வேற இல்ல, ஒரே விஷயத்த ரெண்டு பக்கம் நின்னு பாக்கறது. ஆடிக்காத்துல சிமெண்ட் ஷீட்டு கூரை பிச்சுக்கிட்டுப் போறது கீழ இருந்து காத்து தள்ளி மட்டும் இல்ல, மேல ஓடற காத்து உறிஞ்சியும்தான்.

அழுத்த வித்தியாசம் நெம்ப பெருசா இருக்கும்னு நெனைப்பீங்க, இல்ல. 172 முழு பாரத்தோட சுமார் 1,157 கிலோ, ரெக்கை பரப்பு சுமார் 16 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்க, ஒரு சதுர மீட்டருக்கு 71, 72 கிலோதான் வரும். ஒரு சின்ன டேபிள் மேல ஒரு ஆளு உக்காந்தா எவ்வளவோ அவ்வளவுதான். காத்தழுத்தத்துல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. அந்தக் கொஞ்சூண்டுல நாலு பேரத் தூக்கிட்டுப் போகுது.

லிஃப்ட் கூட வேணும்னா நம்ம கையில ரெண்டு வழி இருக்கு. வேகத்தக் கூட்டலாம், வேகம் ரெண்டு மடங்கானா லிஃப்ட் நாலு மடங்கு. இல்ல கோணத்தக் கூட்டலாம். கோணம்னா மூக்கு வானத்துக்கு எவ்வளவு தூக்கி இருக்குங்கறது இல்லீங்க, எல்லாரும் இங்க குழம்பறாங்க. எதிர்ல வர்ற காத்துக்கும் ரெக்கைக்கும் நடுவுல இருக்கற சாய்வு, அதுக்குத்தான் ஆங்கிள் ஆஃப் அட்டாக்குன்னு பேரு. மூக்கு அடிவானத்துக்கு நேரா இருக்கும், ஆனா பிளேன் பொத்துனு கீழ எறங்கிட்டு இருக்கும், அப்ப காத்து கீழ இருந்து வருது, கோணம் ஏகத்துக்கும் இருக்கும்.

எங்க அப்பாரு மாட்டு ஏருல உழுதவரு. கொழு மண்ணுல எறங்கற சாய்வு கூடுனா ஆழமா உழும், பேராசப்பட்டு இன்னும் சாய்ச்சா கொழு கட்டியில குத்திக்கிட்டு மாடு நின்னு போகும்பாரு. ரெக்கையும் அப்படித்தான். கோணம் ஏற ஏற லிஃப்ட் ஏறும், கூடவே டிராக்கும் (பின்னால இழுக்கற காத்தோட எதிர்ப்பு) ஏறும், 15, 16 டிகிரி கிட்ட போனதும் மேல்பக்கம் ஒட்டிட்டு ஓடிட்டிருந்த காத்து ரெக்கைய விட்டுப் பிச்சுக்கிட்டு சுழலும், லிஃப்ட் சரியும். அதுக்குப் பேருதான் ஸ்டால். எஞ்சின் நின்னு போறது இல்ல. காருல வண்டி ஆஃப் ஆனா ஸ்டாலுன்னு சொல்லிச் சொல்லி, புது பசங்க எஞ்சினத் திரும்பிப் பாக்கறாங்க. பழைய சின்ன காத்தாலைங்க நெறைய இந்த ஸ்டால வேணும்னே பயன்படுத்தற டிசைன்தான், காத்து ரொம்ப அடிச்சா ரெக்கை தானா ஸ்டால் ஆகி ஒரு அளவுக்கு மேல சுத்து கூடாம பாத்துக்கும். அதுக்கு அது நல்லது, நமக்கு நல்லது இல்ல.

இனி கையும் காலும்.

எலிவேட்டர் வாலுல மேலயும் கீழயும் மடங்கற பலகை. யோக்க இழுத்தா எலிவேட்டர் மேல மடங்கும், வாலு கீழ அமுங்கும், மூக்கு தூக்கும், ரெக்கைக் கோணம் கூடும். அவ்வளவுதான் அது செய்யும். மேல ஏறறதுக்கான சக்தி த்ராட்டில்ல, அதாவது எஞ்சின் பவரக் கூட்டிக் கொறக்கற கைப்பிடியில இருக்கு. எஞ்சின் பவர் வெக்காம இழுத்தா வேகத்த வித்து உயரம் வாங்கறீங்க, கையிருப்பு தீந்ததும் கடை மூடிரும். அப்ரோச்சுல (எறங்க ரன்வேயப் பாத்து வர்றப்ப) வேகத்துக்கு மூக்கு, உயரத்துக்கு பவருன்னு சில இன்ஸ்ட்ரக்டர் சொல்லுவாங்க, சிலர் தலைகீழா சொல்லுவாங்க, இதுக்கு சண்டையே போடுவாங்க. சின்ன பிளேனுக்கு நான் மொத கட்சி.

எய்லரான் ரெக்கை நுனிப்பக்கம் பின்னாடி. யோக்க வலது பக்கம் திருப்புனா வலது எய்லரான் மேல போகும், இடது எய்லரான் கீழ வரும், வலது ரெக்கை எறங்கும், இடது ரெக்கை ஏறும். இதுல யோக்கு காரு ஸ்டியரிங் மாதிரி எவ்வளவு திருப்புனீங்களோ அவ்வளவு திரும்பும்னு இல்ல, திருப்பிப் புடிச்சுட்டே இருந்தா உருண்டுட்டே இருக்கும். வேணுங்கற சாய்வு வந்ததும் யோக்க நடுவுக்குக் கொண்டு வந்துரோணும்.

ரட்டருதான் எல்லாரும் மறக்கறது, வாலுல நிமிந்து நிக்கற பலகை, கால் பெடல்ல மிதிச்சு ஆட்டறது. ரட்டர் பிளேனத் திருப்பறதுக்குன்னு நெனைக்கறாங்க. பிளேனத் திருப்பறது சாஞ்ச ரெக்கையோட லிஃப்ட், ரட்டரு அந்தத் திருப்பத்துல மூக்கு கோணாம பாத்துக்கற ஆளு. ஏன் மூக்கு கோணும்? ரேக்ளா வண்டி பாத்திருப்பீங்கல்ல. ரெண்டு மாடும் ஒட்டுக்கா ஓடுனா வண்டி நேரா போகும், இடது மாடு சித்தெ பின்வாங்குனா வண்டி இடப்பக்கம் இழுக்கும், நீங்க வலது கயித்த என்ன இழுத்தாலும். இப்ப பிளேனுக்கு வாங்க, வலது பக்கம் சாய்க்க யோக்கத் திருப்பறீங்க, இடது எய்லரான் கீழ எறங்குது, இடது ரெக்கைக்கு லிஃப்ட் கூடுது, லிஃப்ட் கூடுனா டிராக்கும் கூடும், அந்தப் பக்கத்து மாடு பின்வாங்கிருச்சு. பிளேன் வலது பக்கம் சாயுது ஆனா மூக்கு இடப்பக்கம் போகுது. மூக்கு இடம் வலமா கோணறதுக்கு யா-ன்னு பேரு, இப்படி எதிர்ப்பக்கம் கோணறதுக்கு அட்வர்ஸ் யா-ன்னு பேரு. ரைட் சகோதரர்கள் இதே வம்புல 1902ல மாட்டுனாங்க, அந்த வருஷ கிளைடர்ல மொதல்ல பின்னாடி அசையாத ரட்டர் வெச்சுப் பாத்து, சரிப்படாம அதை அசையற மாதிரி மாத்துனதுக்கு அப்பறந்தான் திருப்பம் கைக்கு வந்துச்சு, 1903 டிசம்பர் 17ல எஞ்சினோட பறந்ததெல்லாம் அதுக்குப் பொறவு.

அதனால யோக் எந்தப் பக்கமோ அதே பக்கம் கால், ஒட்டுக்கா. யோக்க நடுவுக்குக் கொண்டு வர்றப்ப காலையும் தளத்துங்க. எவ்வளவு அழுத்தோணும்னு டேஷ்போர்டுல கண்ணாடிக் குழாயில ஒரு கருப்புக் குண்டு இருக்கு பாருங்க, அது சொல்லும். குண்டு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கத்து பெடல மிதிங்க. எங்க இன்ஸ்ட்ரக்டர் சாருக்கு குண்டப் பாக்கவே வேண்டியது இல்ல, "கண்ணு, உக்காந்த எடத்துல எந்தப் பக்கம் சறுக்கற மாதிரி இருக்குதோ அந்தக் காலு"ம்பாரு. பஸ்சு வளைவுல சீட்டுல சறுக்குவோமே, அது வரக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

ஃபிளாப் ரெக்கை உள்பக்கம் பின்னாடி, கீழ மட்டும் எறங்கும். மொத 10 டிகிரி லிஃப்ட நல்லா குடுக்கும், 30க்குப் போனா லிஃப்ட விட டிராக்குதான் ஜாஸ்தி, பிரேக் புடிச்ச மாதிரி, மூக்கக் கீழ வெச்சும் வேகம் ஏறாம எறங்கலாம். 172 எஸ்ல மொத 10 டிகிரிக்கு 110 நாட்டுக்கு (knot, மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) கீழ இருக்கோணும், அதுக்கு மேல எறக்க 85க்குக் கீழ. கோ-அரவுண்ட் (எறங்கறத விட்டுட்டு மறுபடி மேல ஏறறது) போறப்ப பதட்டத்துல ஃபிளாப்ப ஒரே அடியா மேல ஏத்திராதீங்க, பொசுக்குனு எறங்கிரும். மொதல்ல முழு பவர், அப்பறம் ஃபிளாப் 20 டிகிரிக்கு, வேகமும் உயரமும் வந்ததும் மெல்ல மெல்ல மீதி.

டிரிம் வீல், யோக்கப் புடிச்சுட்டே இருக்கற பாரத்தக் கொறக்கற சின்ன சக்கரம், அதப் பத்தி யாரும் அக்கறையா சொல்லித் தர்றதில்ல, ஆனா பழகுன ஆளுக்கும் பழகாத ஆளுக்கும் வித்தியாசமே அதுலதான் தெரியும். முறை இதுதான்: மூக்க எங்க வேணுமோ அங்க வெச்சுப் புடிங்க, பவர் வைங்க, வேகம் ஒரு எடத்துல நிக்கற வரைக்கும் பொறுங்க, அப்பறம் கையில தெரியற பாரம் போற வரைக்கும் டிரிம்ம சுத்துங்க. ரெண்டு விரல மட்டும் வெச்சுட்டு மத்தத எடுத்துப் பாருங்க, மூக்கு அங்கியே நின்னா சரி. டிரிம்ம சுத்தியே மூக்க ஏத்தி எறக்கறது சோம்பேறித்தனம், சுத்தறப்பல்லாம் வேகம் மாறும், பொறவு அது பின்னாடியே தொரத்திட்டு ஓடோணும்.

சூலூர்ல தேஜஸ் போர் விமானம் போறதப் பாத்துட்டு "அதுக்கு வாலுல எலிவேட்டரே இல்லீங்களே"ன்னு ஒரு புள்ள கேட்டுச்சு, நல்ல கண்ணு அதுக்கு. அது டெல்டா ரெக்கை, ரெக்கை பின்னாடி இருக்கறதே எலிவேட்டர் வேலையும் எய்லரான் வேலையும் ரெண்டும் பாக்கும், எலிவான்னு பேரு, நடுவுல கம்ப்யூட்டர் ஒக்காந்திருக்கு. நம்ம செஸ்னாவுல கம்பியும் கப்பியும்தான், கெணத்துல தண்ணி எறைக்கற மாதிரி.

கம்பின்னதும் ஞாபகம் வருது. ஏறி உக்காந்ததும் கண்ட்ரோல் செக் பண்ணுவோம், நெறைய பேரு சும்மா யோக்க நாலு பக்கமும் ஆட்டிட்டு "ஃப்ரீ"ன்னு சொல்லிருவாங்க. ஆட்டுனா போதாது, சரியான பக்கம் போகுதான்னு பாக்கோணும். ரிப்பேருக்குப் போயி வந்த பிளேன்ல கம்பிய மாத்திக் கட்டி விபத்து ஆனது உலகத்துல பல தடவ நடந்திருக்கு. சுலபமான வழி, யோக்குல கட்டைவிரல மேல பாத்து வைங்க, இடது பக்கம் திருப்புனா கட்டைவிரல் இடது ரெக்கையக் காட்டும், எந்த ரெக்கையக் காட்டுதோ அந்த எய்லரான் மேல எந்திருச்சிருக்கோணும். இழுத்தா எலிவேட்டர் மேல, திரும்பிப் பாத்து உறுதி பண்ணுங்க.

டாக்சி பண்றப்ப, அதாவது தரையில ஓட்டிட்டுப் போறப்ப, யோக்கத் திருப்பி ஒண்ணும் ஆகாது. நானும் மொத நாளு ஊர்ல மாருதி ஓட்டுன பழக்கத்துல யோக்க முழுசா வலது பக்கம் ஒடிச்சுட்டு பிளேன் நேரா புல்லப் பாத்து போறத வேடிக்கை பாத்தேன். தரையில திருப்பறது காலு. ஆனா காத்து அடிச்சா யோக்குக்கு அங்கயும் வேலை உண்டு: முன்பக்கம் வலது மூலையில காத்துன்னா யோக்க வலது பக்கம் திருப்பி வைங்க, பின்பக்கம் வலது மூலையில இருந்துன்னா யோக்க முன்னால தள்ளி இடப்பக்கம். இல்லாட்டி வாலுக்கோ ரெக்கைக்கோ அடியில காத்து பூந்து தூக்கிரும். செஸ்னா மாதிரி ரெக்கை மேல இருக்கற பிளேனுக்கு இது நெம்ப முக்கியம்.

டேக்-ஆஃப்ல ஒரே மந்திரம், வலது கால். பவர் முழுசா குடுத்ததும் மூக்கு இடப்பக்கம் போகப் பாக்கும். புரொப்பல்லர் கிளப்பி விடற காத்து சுழண்டு வந்து வாலுக்கு இடது பக்கத்துல அடிக்குது, மூக்கு தூக்குனதுக்கு அப்பறம் கீழ எறங்கற வலது பக்கத்து பிளேடு ஜாஸ்தி காத்தக் கடிக்குது, இன்னும் ரெண்டு காரணம் இருக்கு, எல்லாம் சேந்து ஒரே பக்கம் இழுக்கும். 55 நாட்டுல யோக்க லேசா பின்னால எடுங்க, பிடுங்காதீங்க, பிளேன் அதுவா கெளம்பட்டும். தரைய ஒட்டி ரெக்கை அகலத்துக்குள்ள, அதாவது 11 மீட்டருக்குள்ள இருக்கற வரைக்கும் தரை ஒரு மெத்தை மாதிரி டிராக்கக் கொறச்சுக் குடுக்கும். அவசரப்பட்டு கம்மி வேகத்துலயே பிடுங்கி மேல போனா அந்த மெத்தை தீந்ததும் பிளேன் மறுபடி உக்காரப் பாக்கும். 74 வந்ததும் அந்த வேகத்துக்குத் தகுந்த மூக்க வெச்சு, டிரிம் பண்ணி, வலது கால எடுக்காம ஏறுங்க.

நேரா பறக்கறதுக்கு மீட்டரப் பாக்காதீங்க, வெளிய பாருங்க. டேஷ்போர்டு மேல்விளிம்புக்கும் அடிவானத்துக்கும் நடுவுல நாலு விரலு கெடைச்சா எனக்கு நேரா போகும், உங்க உயரத்துக்கு மூணா அஞ்சான்னு நீங்களே கண்டுபுடிச்சு வெச்சுக்கோங்க. ஆனைமலை, நீலகிரி மலை விளிம்ப அடிவானம்னு நெனச்சுப் புடிச்சா மூக்கு தூக்கிட்டுப் போகும், நம்ம பக்கத்துப் பசங்க எல்லாரும் பண்ற தப்பு.

திருப்பறதுக்கு மொதல்ல அந்தப் பக்கம் தலையத் திருப்பிப் பாருங்க, வேற பிளேன் இருக்கான்னு. அப்பறம் யோக்கும் காலும் ஒட்டுக்கா, 30 டிகிரி சாஞ்சதும் ரெண்டையும் நடுவுக்கு, லேசா பின்னால இழுத்துப் புடிங்க. ஏன் இழுக்கோணும்னா லிஃப்ட்ல ஒரு பங்கு இப்ப பக்கவாட்டுல போயிருச்சு, பாரத்தத் தூக்க மீதி பத்தல. இழுத்தா கோணம் கூடுது, கோணம் கூடுனா ஸ்டாலுக்குக் கிட்ட போறோம். நேரா போறப்ப ஃபிளாப் இல்லாம 48 நாட்டுல ஸ்டால் ஆகற 172, அதே உயரத்தப் புடிச்சுட்டு 45 டிகிரி சாஞ்சா 57ல ஆகும், 60 டிகிரி சாஞ்சா 68ல. ஸ்டால் ஸ்பீடுன்னு ஒரே நம்பரு கெடையாது, ஒரே கோணந்தான் உண்டுன்னு சொல்றது இதனாலதான். நிமுத்தறப்ப, வேணுங்கற திசை வர்றதுக்கு சாய்வுல பாதி டிகிரி முன்னாடியே ஆரம்பிங்க. 30 சாய்வுன்னா 15 டிகிரி முன்ன.

ஸ்டாலு. இதுக்குத்தான் பசங்க தூக்கம் கெட்டுக் கெடக்கறாங்க. இன்ஸ்ட்ரக்டரோட, நல்ல உயரத்துல, சுத்திமுத்தியும் பாத்துட்டுதான் பண்ணுவாங்க. பவரக் கொறச்சு உயரம் எறங்காம யோக்க மெல்ல இழுத்துட்டே வருவீங்க. காத்துச் சத்தம் கம்மியாகும், யோக்கு ரசத்துல கரண்டி ஆட்டற மாதிரி தளதளன்னு ஆயிரும், ஸ்டாலுக்கு அஞ்சு பத்து நாட்டு முன்னாடியே ஹார்ன் ஊளையிடும், அப்பறம் ஒரு நடுக்கம், மூக்கு பொத்துனு எறங்கும். மீள்றதுக்கு மொத வேலை யோக்க முன்னால விட்டு கோணத்தக் கொறக்கறது. கூடவே முழு பவர், காலால மூக்க நேரா வெச்சு, ரெக்கைய சமம் பண்ணி, வேகம் வந்ததும் மெல்ல ஏறணும். வரிசை முக்கியம். பூமி கண்ணு முன்னால ரொம்பி இருக்கறப்ப யோக்க முன்னால தள்ள மனசு வராது, கையி தன்னால இழுக்கும். அந்தக் கைக்குத்தான் இவ்வளவு பயிற்சி.

என் மூணாவது ஸ்டால்ல இடது ரெக்கை சட்டுனு தொங்கிருச்சு. நான் என்ன பண்ணேன், பழக்க தோஷத்துல யோக்க வலது பக்கம் முழுசா திருப்புனேன், ரெக்கையத் தூக்கறேன்னு. தூக்கல, இன்னும் உருண்டுச்சு, ஜன்னல் முச்சூடும் சோளக்காடு. சாரு ஒண்ணும் கத்தல, யோக்க முன்னால விட்டு வலது பெடல மிதிச்சாரு, நேரா ஆயிருச்சு. அப்பறம் "தொங்குன பக்கத்து எய்லரானக் கீழ எறக்குன இல்ல, ஏற்கனவே கோணம் ஜாஸ்தியாயி மூச்சுத் தெணறிட்டு இருக்கற ரெக்கைக்கு இன்னும் கோணம் குடுத்தியா?"ன்னு கேட்டாரு. நுனி முறுக்கு பத்தி சொன்னேனே, அது இதுக்குத்தான், ரெக்கையோட அடிப்பக்கம் மொதல்ல ஸ்டால் ஆகட்டும், நுனியில எய்லரானுக்கு கொஞ்ச நேரம் காத்து இருக்கட்டும்னு. அத நம்பி எய்லரான் போடாதீங்க, கோணத்தக் கொறங்க, யா-வ காலால நிறுத்துங்க, அப்பறம் ரெக்கைய சமம் பண்ணலாம். ஒரு ரெக்கை மட்டும் ஆழமா ஸ்டால் ஆகி பம்பரமா சுத்த ஆரம்பிச்சா அது ஸ்பின், பவர் மூடணும், எய்லரான் நடுவுல, சுத்தற பக்கத்துக்கு எதிர் ரட்டர் முழுசா, யோக்க முன்னால, சுத்து நின்னதும் ரட்டர நடுவுக்குக் கொண்டு வந்து டைவுல இருந்து மெல்ல எடுக்கணும்.

உயரத்துல இது பயிற்சி. தாழ்வுல எங்க வரும்னா, பேஸ் லெக்குல இருந்து (ரன்வேக்குக் குறுக்கா வர்ற பாதை) ஃபைனலுக்கு (ரன்வேக்கு நேரா எறங்கற கடைசிப் பாதை) திரும்பறப்ப. ரன்வே கோட்டத் தாண்டிப் போயிட்டோம்னு தெரியும், கீழ இருக்கோமே, ஜாஸ்தி சாய்க்கக் கூடாதுன்னு பயந்து உள்பக்க ரட்டர மிதிச்சு மூக்க இழுப்பாங்க. வெளி ரெக்கை வேகமா ஓடும், சாய்வு கூடும், அதத் தடுக்க எதிர்ப்பக்கம் எய்லரான் போடுவாங்க, மூக்கு எறங்கும், யோக்க இழுப்பாங்க. ஸ்பின்னுக்கு என்ன என்ன வேணுமோ அத்தனையும் தட்டுல வெச்சாச்சு, உயரம் 500 அடி. கோட்டத் தாண்டுனா தாண்டட்டும், கோ-அரவுண்ட் போங்க, ரன்வேயச் சுத்தி இன்னொரு சர்க்யூட்டுக்குப் பத்து நிமிஷம் ஆகுமா?

லேண்டிங்குக்கு ஃபைனல்ல 65 நாட்ட விடாம புடிச்சு வாங்க. வீட்டு மாடி உயரத்துக்கு வந்ததும் எறக்கத்த மெல்ல நிறுத்தி, பவர் மூடி, கண்ண ரன்வே கடைசிக்கு மாத்துங்க, கிட்ட தார்ரோட்டப் பாத்தா உயரமே தெரியாது. வேகம் கொறைய கொறைய லிஃப்ட் கொறையும், அத ஈடு கட்ட கோணத்த கொஞ்சங்கொஞ்சமா கூட்டிட்டே வாங்க, பிளேன உக்கார விடமாட்டேன்னு பிடிவாதம் புடிக்கற மாதிரி. அதுவா சலிச்சுப் போயி பின்சக்கரத்துல உக்காரும். ஒரேயடியா இழுத்தா பலூன் மாதிரி மேல எந்திரிக்கும், அப்ப பயந்து யோக்க முன்னால குத்துனா முன்சக்கரத்துல அடி வாங்கும். எந்திரிச்சா அப்படியே புடிச்சு சித்தெ பவர் குடுங்க, பெருசா எந்திரிச்சா கோ-அரவுண்ட்.

நம்மூரு வெயிலு. கோயமுத்தூர் ஏர்போர்ட் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,300 அடி. அந்த உயரத்துக்கு கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பம் 12, 13 டிகிரி. சித்திரையில வெயிலு 38 டிகிரி அடிக்குதுன்னு வைங்க, 25 டிகிரி ஜாஸ்தி, சூட்டுல காத்து மெல்லிசாயிரும், ஒரு டிகிரிக்கு 120 அடின்னு போட்டா 3,000 அடி கூடும். ஆக பீளமேட்டு ஏர்போர்ட்டுல நிக்கற பிளேன் 4,300 அடி மலை மேல நிக்கறாப்புலதான் நெனைக்கும். எஞ்சினுக்கு காத்து பத்தாது, புரொப்பல்லருக்கும் ரெக்கைக்கும் பத்தாது, ரன்வேல ஓட்டம் நீளும், ஏத்தம் மந்தமா இருக்கும். மீட்டர்ல வேகம் அதே 55தான், நெசமா தரையில ஓடறது அதை விட வேகம். டேங்க் ரொப்பி நாலு பேரு ஏறறதுக்கு முன்ன புத்தகத்து டேபிளப் பாருங்க. மத்தியானம் செம்மண் காட்டு மேல போனா கீழ இருந்து தூக்கிப் போடும், பொள்ளாச்சி தென்னந்தோப்பு, பரம்பிக்குளம்-ஆழியாறு (பிஏபி) வாய்க்கா பாசன வயலு மேல போனா எறக்கும், அதனால மொத பாடமெல்லாம் விடிகாலையில வைக்கச் சொல்லிக் கேளுங்க.

ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து இன்னொரு வாத்தியாரு. கோயமுத்தூர் ரன்வே 05, 23, அதாவது திசைகாட்டியில 50, 230 டிகிரி பாத்து. மேக்கால காத்துக்கு 23 ஏறத்தாழ நேரா பாக்கும், ஏறத்தாழதான். 260 டிகிரியில இருந்து 20 நாட் அடிக்குதுன்னா 30 டிகிரி வித்தியாசம், பாதி, 10 நாட் வலது பக்கத்துல இருந்து குறுக்கே தள்ளும். 172க்கு 15 வரைக்கும் செஞ்சு காட்டியிருக்காங்க, புது ஆளுக்கு 10ஏ வேர்க்கும். எறங்கறப்ப யோக்க வலது பக்கம் சாய்ச்சு ரெக்கைய காத்துக்குள்ள எறக்குங்க, அதனால திரும்பப் பாக்கற மூக்க இடது காலால ரன்வேக்கு நேரா வைங்க. இந்த ஒரு எடத்துலதான் கையும் காலும் ஒட்டுக்கா இல்லாம எதிரெதிரா போகும், வேகத்த மட்டும் விட்டுராதீங்க. வலது சக்கரம் மொதல்ல தொடும், அப்பறம் இடது, அப்பறம் முன்சக்கரம்.

தொட்டதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு யோக்க விட்டுருவாங்க பசங்க. வேகம் கொறைய கொறைய எய்லரானுக்கு பலம் கம்மி, அதனால இன்னும் ஜாஸ்தியா காத்துப் பக்கம் திருப்பிட்டே வரோணும், நிக்கறப்ப முழுசா திருப்பி இருக்கோணும். அப்படியே டாக்சி பண்ணி, எஞ்சின நிறுத்தி, யோக்கு ஆடாம இருக்க கண்ட்ரோல் லாக்கு ஊசி குத்தி, சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, ரெண்டு ரெக்கையும் வாலும் கயித்துல கட்டிட்டு எறங்குங்க. கயித்த விறைப்பா கட்டாம கொஞ்சூண்டு தளத்தி விடுங்க, மாட்டுக்கு விடற அளவு வேண்டாம். மறுநாள் காத்தால மொத வேலையா அந்த லாக்கு ஊசியப் பிடுங்கி சீட்டுப் பைக்குள்ள போடுங்க, அதப் பிடுங்க மறந்துட்டு ரன்வே வரைக்கும் போன ஆளுங்க உண்டு.